வெளிநாட்டில் ஓர் ஆண்டு: மொழிப் பட்டம் படிப்போரின் கேள்விகளும் பதில்களும்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் போன்ற மொழிகளைப் பட்டப்படிப்பாக எடுப்பது பற்றியும், நடுவில் வரும் வெளிநாட்டு ஆண்டு பற்றியும் வந்த கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

மகள் ஏ-லெவலில் (பள்ளி இறுதிப் படிப்பில்) பிரெஞ்சும் ஸ்பானிஷும் படிக்கிறாள். பல்கலைக்கழகத்திலும் அதையேதான் படிப்பேன் என்கிறாள். நான்கு ஆண்டு, அதில் ஓராண்டு வெளிநாடு. "மொழி படிக்க நாலு வருஷமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். செலவை நினைத்தால் எங்களுக்கும் கலக்கமாகத்தான் இருக்கிறது.
– ஒரு தாய், ஹரோ

சொந்தக்காரர்களை விடுங்கள், செலவைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 2025-26இல் உள்நாட்டு மாணவரின் கல்விக் கட்டண உச்சம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. ஓராண்டு முழுவதையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தால், சொந்தப் பல்கலைக்கழகம் இதில் 15 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. அதாவது 1,430 பவுண்டு. பயிற்சி வேலையில் கழியும் ஆண்டென்றால் உச்சம் 20 சதவீதம். பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவர்கள் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை.

வாழ்க்கைச் செலவுக்கான கடனிலும் வெளிநாட்டு ஆண்டுக்குத் தனி விகிதம் உண்டு. லண்டனுக்கு வெளியே தங்கிப் படிப்பவருக்குக் கிடைக்கும் உச்சத்தைவிட அது கூடுதல். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் பயண உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். செலவில் முதல் 303 பவுண்டை நீங்கள் ஏற்க வேண்டும். மீதியில் பயணச்சீட்டு, விசாக் கட்டணம், கட்டாய மருத்துவக் காப்பீடு ஆகியவை வரும். ரசீது இல்லாமல் ஒரு பென்னியும் வராது என்பதால், முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பிரித்தானிய அரசின் டூரிங் திட்டத்திலும் பணம் கிடைக்கலாம். ஆனால் அது எவ்வளவு, எப்போது என்பது பல மாணவர்களுக்குக் கோடையில்தான் தெரியவரும். முதல் மாத வாடகையையும் டெபாசிட்டையும் அதை நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம்.

நான்காம் ஆண்டு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். இறுதியாண்டுப் பாடங்கள், மாணவர் ஓராண்டு அந்த மொழியில் வாழ்ந்து வந்தவர் என்ற கணக்கில்தான் வகுக்கப்படுகின்றன. விரிவுரை அந்த மொழியில், கட்டுரை அந்த மொழியில், வாய்மொழித் தேர்வும் அந்த மொழியில். போகாதவர் அந்த வகுப்பில் திணறிப்போவார். ஸ்காட்லாந்தில் பட்டமே நான்காண்டு என்பதால், பல துறைகளில் வெளிநாட்டு ஆண்டோடு ஐந்தாகிவிடும். அங்கே விண்ணப்பிப்பதாக இருந்தால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. மொழித்துறைகளைச் சுருக்கும் பேச்சு பல பல்கலைக்கழகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. 2025 தொடக்கத்தில் கார்டிஃப் பல்கலைக்கழகம் தன் மொழித்துறையையே மூடும் யோசனையை முன்வைத்தது. பிறகு அதைத் திருத்திக்கொண்டது. பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்க அழைக்கும் திறந்த நாளில் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த மொழிக்கு நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு பரிமாற்ற ஒப்பந்தம் இப்போது நடைமுறையில் இருக்கிறது? "பல நாடுகளில் கூட்டாளிகள்" என்று மட்டும் பதில் வந்தால் பட்டியலைக் கேளுங்கள். இங்கிலாந்தில் பதிவு பெற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும், பாடம் நிறுத்தப்பட்டால் மாணவரை என்ன செய்வது என்று சொல்லும் மாணவர் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும். அவரவர் இணையதளத்திலேயே அதைப் படிக்கலாம்.

ஏ-லெவலில் ஸ்பானிஷ் மட்டும்தான் எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் ஜெர்மனை அரிச்சுவடியிலிருந்து தொடங்கலாமா? வெளிநாட்டு ஆண்டை இரண்டு நாடுகளுக்கும் எப்படிப் பிரிப்பது?
– மாணவர், கிராய்டன்

தாராளமாகத் தொடங்கலாம். ஒரு மொழியை ஏ-லெவலோடும் மற்றதைப் புதிதாகவும் எடுப்பது வழக்கமான சேர்க்கைதான். ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். புதிய மொழிக்கு வாரம் 5 மணி வகுப்பு, ஆண்டுக்கு 22 வாரம் என்று வைத்தால், புறப்படுமுன் உங்களுக்குக் கிடைப்பது 220 மணி. விரிவுரையைப் பின்தொடர ஜெர்மன் பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பது பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவின் ஆறு படிகளில் நான்காவது. வகுப்பு மட்டும் உங்களை அங்கே கொண்டு சேர்க்காது. முதலாண்டுக் கோடையில் நான்கு வாரமாவது தீவிர வகுப்பு எடுத்தால்தான் இடைவெளி குறையும்.

பிரிப்பதில் பலரும் தடுக்கி விழுவது பருவக் காலத்தில். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகின்றன. கோடைப் பருவம் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. ஸ்பெயினிலோ முதல் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜனவரித் தேர்வோடு முடியும்; இரண்டாவது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஆரம்பித்துவிடும். முதலில் ஜெர்மனி, பிறகு ஸ்பெயின் என்று வைத்தால், ஜெர்மன் தேர்வு முடியுமுன்பே ஸ்பெயினில் வகுப்பு தொடங்கியிருக்கும். போதாக்குறைக்கு, ஜெர்மன் பாடங்கள் பலவற்றுக்கு 'ஹவுஸ்ஆர்பைட்' எனப்படும் 12, 15 பக்க ஆய்வுக் கட்டுரை உண்டு. அதன் கெடு பருவ விடுமுறையின் நடுவில் விழும். ஸ்பெயினில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனில் அதை எழுதும் நிலை யாருக்கும் வேண்டாம்.

எனவே ஸ்பெயின் முதலில், ஜெர்மனி பிறகு. நடுவில் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் கையில் கிடைக்கும். உங்கள் பலவீனமான மொழி ஜெர்மன்தானே? அந்த இடைவெளியில் ஒரு மாதத் தீவிர வகுப்பை ஜெர்மனியிலேயே வைத்துக்கொண்டால் ஏப்ரலில் வகுப்புக்குள் தைரியமாக நுழையலாம். அங்கே தங்கும் விசாவை மட்டும் அதற்கேற்ற தேதியிலிருந்து எடுங்கள்.

புதிய மொழியின் நாட்டிலேயே முழு ஆண்டையும் கழிப்பதும் நல்ல முடிவுதான். அப்படிச் செய்கிறவர்களுக்கு ஏ-லெவல் மொழி துருப்பிடிக்கும். கோடையில் ஆறு வாரமாவது அதற்கு ஒதுக்க வேண்டும். சில துறைகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன.

படிப்பு, பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியர், நிறுவன வேலை – மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?
– எம்., லெஸ்டர்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குப் பரிமாற்றப் படிப்பு பாதுகாப்பானதாகத் தோன்றும். உண்மையில் ஆங்கிலக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள மிக எளிதான இடம் அதுதான். விரிவுரை மண்டபத்தில் 200 பேரோடு உட்கார்ந்து, ஒருவரோடும் பேசாமல் ஒரு பருவத்தையே ஓட்டிவிடலாம். ஆனால் எழுத்தும் வாசிப்பும் வளர்வது இதில்தான். இறுதியாண்டில் மதிப்பெண் பெரும்பகுதி எழுத்துக்குப் போகும் துறை என்றால் இதை எடுங்கள்.

உதவி ஆசிரியர் பணியைப் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்துகிறது. பிரான்ஸில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 7 மாதம், வாரம் 12 மணி நேரம். கையில் கிடைப்பது மாதம் ஏறத்தாழ 800 யூரோ. சின்ன ஊரில் அதை வைத்து ஓட்டலாம், பாரிஸில் முடியாது. முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், போகும்போதே வாடகை, டெபாசிட், ஒரு மாதச் சாப்பாடு எல்லாவற்றுக்குமாக 1,200 யூரோவாவது வைத்திருங்கள். பகுதியைத்தான் நீங்கள் விருப்பமாகச் சொல்ல முடியும், பள்ளியை அவர்களே முடிவு செய்வார்கள். பேருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை மட்டுமே வரும் ஊராகவும் அமையலாம். அதற்காகப் பின்வாங்க வேண்டாம். மொழிக்கு அந்த ஊர்தான் நல்லது. பொறி வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளியில் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் ஆங்கில ஆசிரியர்கள், உங்களோடு ஆங்கிலம் பேச ஆசைப்படுகிறவர்கள். கணக்கு ஆசிரியரோடும் உடற்பயிற்சி ஆசிரியரோடும் சாப்பிட உட்காருங்கள். வாரத்தில் மீதி நேரம் முழுவதும் உங்களுடையது என்பதால், அதற்கு ஒரு சங்கமோ விளையாட்டுக் குழுவோ முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும். இத்திட்டத்தில் பாஸ்போர்ட் நிபந்தனை நாட்டுக்கு நாடு மாறுவதால், விண்ணப்பிக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

நிறுவன வேலையில் பேச்சு மொழி எகிறும். பிரான்ஸில் இதற்கு 'கொன்வான்சியோன் த ஸ்தாஜ்' என்ற முத்தரப்பு ஒப்பந்தம் தேவை. நிறுவனம், மாணவர், உங்கள் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு 6 மாதம்தான் உச்சம், எனவே முழு ஆண்டுக்கு இரண்டு இடம் தேட வேண்டும். 2 மாதத்தைத் தாண்டினால் நிறுவனம் கொடுப்பனவு தந்தே ஆக வேண்டும். தாமதம் பெரும்பாலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கமே. ஒப்பந்தத்தில் உள்ள காப்பீடு, பொறுப்புப் பிரிவுகளைச் சட்டப் பிரிவு பார்த்துக் கையெழுத்திட வாரக்கணக்கில் ஆகும். வேலை உறுதியான அன்றே தாளை அனுப்பிவிடுங்கள்.

எனக்கு இந்தியப் பாஸ்போர்ட். இங்கே நிரந்தர வதிவிடம் இருக்கிறது. வகுப்பில் மற்றவர்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவர்கள் செய்வதையே நானும் செய்தால் போதுமா?
– மாணவி, ஈஸ்ட்ஹாம்

போதாது. துறை தரும் வழிகாட்டித் தாள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். வேறுபாடு பளிச்செனத் தெரிவது ஜெர்மனியில். பிரிட்டிஷ் குடிமக்கள் விசா இல்லாமல் உள்ளே போய், அங்கேயே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் நீண்டகாலத் தேசிய விசாவை இங்கிருந்தே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பணம் இருப்பதற்குச் சான்றாக முடக்கக் கணக்கு கேட்டால், 2024 செப்டம்பரிலிருந்து அதற்கான தொகை மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904. போன பிறகு அந்தப் பணத்தை மாதாமாதம்தான் எடுக்க முடியும்.

பிரான்ஸும் ஸ்பெயினும் 90 நாளுக்கு மேல் தங்க, பிரிட்டிஷ், இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே விசா கேட்கின்றன. பிரான்ஸின் மாணவர் விசாவை, போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். இதை மறந்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பெயினில் 180 நாளைத் தாண்டினால் காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று இரண்டும் தேவை. அந்த நற்சான்றை இங்கே வாங்கி, அது வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய அப்போஸ்டில் முத்திரை பெற்று, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஸ்பானிஷுக்கு மாற்ற வேண்டும். மூன்றும் வரிசையாக நடக்க வேண்டிய வேலைகள். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. அங்கிருந்து அனுமதிக் கடிதம் ஜூனில் வரும், செப்டம்பரில் வகுப்பு. அதனால் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் மற்றத் தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். நற்சான்றுக்கும் செல்லுபடிக் காலம் உண்டு என்பதால், மிக முன்னதாகவும் வாங்கிவிட வேண்டாம்.

அடுத்தது உங்கள் பிரித்தானிய நிலை. நிரந்தர வதிவிடம் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால்தான் காலாவதியாகும், ஆகவே ஓராண்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் கவனம். வழக்கமான ஐந்தாண்டு வழியில், அந்த ஐந்தாண்டில் 450 நாளுக்கு மேலும், கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. வெளிநாட்டு ஆண்டு இந்தக் கடைசிக் கணக்கை நேராக உடைத்துவிடும். தகுதி ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் போகுமுன் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்து ஓராண்டு பொறுக்க வேண்டியிருக்கும். போகும் வழியில் குடியுரிமை கிடைத்துப் பாஸ்போர்ட்டை மாற்றப் போய், பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா பயனற்றுப் போகும் கூத்தும் நடக்கிறது. இரண்டு வேலைகளையும் ஒரே கோடையில் போட வேண்டாம். இன்னும் நிரந்தர வதிவிடம் வராதவர்களுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்கான விதிகள் இதைவிடக் கடுமை. அவர்கள் டிக்கெட் போடுமுன் குடிவரவு ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

ஜெர்மனி விசாவோ வதிவிட அனுமதியோ கையில் இருந்தால் பக்கத்து நாடுகளுக்கும் இஷ்டப்படி போய்வரலாம்தானே?
– பெயர் வேண்டாம்

போய்வரலாம். ஆனால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் பொது எல்லை விதி வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில்) 180 நாளுக்கு 90 நாள் என்ற வரம்பு உண்டு. உங்களுக்கு அனுமதி தந்த நாட்டில் கழிக்கும் நாட்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, குறுகிய காலத்துக்கு வருவோரின் நாட்களைக் கணினியில் எண்ணுகிறது. முத்திரை மங்கலாக இருந்தது என்ற சாக்கெல்லாம் இனி எடுபடாது. எல்லையில் அனுமதி அட்டையையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே நீட்டுங்கள்.

ஜெர்மனியில் அறை தேடுகிறேன். "பதிவு செய்ய முடியாது, மற்றபடி எல்லாம் சரி" என்று ஒருவர் மலிவாகத் தருகிறார். எடுக்கலாமா?
– மாணவர், பர்மிங்ஹாம்

எடுக்காதீர்கள். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சான்று தேவை. அவர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுகிறார் என்றால் அந்தத் தாளைத் தர மாட்டார். பதிவு இல்லையென்றால் வரி எண் இல்லை. பல வங்கிகளில் கணக்கு இல்லை. வதிவிட அனுமதிக்கு நேரம் வாங்கப் போனாலும் முதல் கேள்வியே அந்தப் பதிவுச் சான்றுதான். மாதம் 80 யூரோ மிச்சம் பிடிக்கப் போய் மற்ற எல்லாமே நின்றுவிடும்.

டெபாசிட் சட்டப்படி 3 மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அடிப்படை வாடகை என்றால் சூடேற்றல், தண்ணீர்ச் செலவு சேராத தொகை. விளம்பரத்தில் அதை மட்டும் பெரிதாகப் போடுவார்கள், அந்தச் செலவுகளும் சேர்ந்த "சூடான வாடகை" எவ்வளவு என்று கேளுங்கள். நேரில் பார்க்காமலோ, நம்பகமான ஒருவர் காணொளியில் நேரலையாகச் சுற்றிக் காட்டாமலோ பணம் அனுப்ப வேண்டாம். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவர் திருடர். இதில் விதிவிலக்கு பார்க்க வேண்டாம்.

பிரான்ஸில் இந்தத் தொல்லை வேறு வடிவில் வரும். அந்நாட்டிலேயே வருமானமுள்ள பிணையாளர் ஒருவரை வீட்டுக்காரர் கேட்பார். உங்கள் அப்பாவின் லண்டன் சம்பளச் சீட்டைப் பல வீட்டுக்காரர்கள் ஏற்பதில்லை. அதற்கென 'விசால்' என்ற இலவச உத்தரவாதம் இருக்கிறது. 30 வயது வரையிலான மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும், பிறகு வாங்கினால் செல்லாது.

வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தது இன்னொரு மொழி படிக்க ஏதாவது உதவுமா? ஜப்பானிய மொழி எடுக்கலாமா என்று யோசிக்கிறான் மகன்.
– ஒரு தந்தை, மில்டன் கீன்ஸ்

உதவும், ஜப்பானியத்தில் நிறையவே. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவது, "நான் வாங்கிய புத்தகம்" என்று பெயருக்கு முன்னால் முழு வாக்கியத்தையே அடையாக வைப்பது, வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுவது – ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவன் ஒரு பருவம் முழுக்கப் போராடும் இடங்கள் இவை. உங்கள் மகனுக்கு அவை பழகிய அமைப்புகள். படம், பட்டம் என்று ஒற்று இரட்டிப்பதும் குறில் நெடில் வேறுபாடும் ஜப்பானியத்திலும் பொருளை மாற்றும்; ஆங்கிலக் காது அதைத் தவற விடுகிறது. ஸ்பானிஷிலும் ஒரு சலுகை உண்டு. "எனக்குப் பிடிக்கும்" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே அவர்களும் சொல்கிறார்கள். நீ, நீங்கள் என்று மாற்றிப் பேசிய பிள்ளைக்குப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

மகன் வீட்டில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவன் என்றால் இதில் பாதிதான் கிடைக்கும்.

ஜப்பானியம், சீனம், அரபு மொழிகளில் வெளிநாட்டு ஆண்டு எப்போதும் மூன்றாவதாக இருக்காது. ஆக்ஸ்ஃபர்டில் இரண்டாம் ஆண்டே அனுப்பிவிடுகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் தனியாகப் போக அவன் தயாரா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ரஷ்ய மொழி எடுத்தால் எங்கே அனுப்புவார்கள்?
– பி., மான்செஸ்டர்

2022க்குப் பிறகு பிரித்தானியத் துறைகள் ரஷ்யாவுக்கு அனுப்புவதில்லை. கசகஸ்தான், கிர்கிஸ்தான் போன்ற ரஷ்ய மொழி புழங்கும் நாடுகளிலும், பால்டிக் நாடுகளில் ரஷ்ய மொழி பேசுவோர் அதிகமுள்ள நகரங்களிலும் வகுப்புகள் நடக்கின்றன. துறைக்குத் துறை இடம் மாறும்.

பிரான்ஸில் முதல் பருவத் தேர்வில் 20க்கு 12 வந்திருக்கிறது. நண்பனுக்கு ஜெர்மனியில் 1.7. நாங்கள் இருவரும் தோற்றுவிட்டோமா?
– பெயர் வேண்டாம்

இருவருமே நன்றாகச் செய்திருக்கிறீர்கள். பிரான்ஸில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. 16 எல்லாம் அபூர்வம். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி, 1.7 வாங்கியவர் விருந்து வைக்கலாம். ஸ்பெயினில் 10க்கு 5, இத்தாலியில் 30க்கு 18. இவற்றைச் சொந்தப் பல்கலைக்கழகம் எந்த அட்டவணைப்படி மாற்றும், அந்த மதிப்பெண் பட்ட வகுப்பில் சேருமா, தேர்ச்சி மட்டும் போதுமா என்று போகுமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறைகள் இதில் வெகுவாக வேறுபடுகின்றன.

கவலைப்பட வேண்டியது பாடத் தெரிவில். ஓர் ஆண்டுக்கு 60 ஐரோப்பியக் கிரெடிட், பிரித்தானியக் கணக்கில் 120. எந்தப் பாடங்களை எடுப்பீர்கள் என்று இரு பல்கலைக்கழகங்களோடும் கோடையில் போடும் படிப்பு ஒப்பந்தத்தில் எழுதிய பாடங்களில் இரண்டு மூன்று அங்கே போனதும் நேரம் மோதும். பிரான்ஸில் ஒவ்வோர் ஆண்டு மாணவருக்கும் தனித்தனியாகக் கால அட்டவணை போடுகிறார்கள். நீங்களோ இரண்டாம் ஆண்டிலிருந்து ஒன்று, மூன்றாம் ஆண்டிலிருந்து ஒன்று எனப் பொறுக்கியிருப்பீர்கள். அதனால் மோதல் வந்தே தீரும். முதலிரண்டு வாரத்தில் தேவைக்கு மேல் இரண்டு பாடங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மாற்றத்தை உடனே இரு பல்கலைக்கழகங்களிலும் ஒப்புதல் வாங்குங்கள். மின்னஞ்சலில் "சரி" என்று வந்தாலும் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். ஜூலையில் மதிப்பெண் தாளில் வேறு பாடம் இருந்தால் கிரெடிட் தர மாட்டேன் என்பார்கள்.

வந்து மூன்று மாதம் ஆகிறது. நண்பர்கள் எல்லோரும் பரிமாற்ற மாணவர்கள், பேச்செல்லாம் ஆங்கிலம். கடையில் நான் ஸ்பானிஷில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. இப்படியே திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– மாணவி, ஸ்பெயினிலிருந்து

அந்த ஊரில் இருப்பதால் மட்டும் மொழி வந்துவிடும் என்று எல்லோருமே சொல்லி அனுப்புகிறார்கள். வராது. யாரோடு குடியிருக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் அதே உள்ளூர்க்காரர்களோடு இருக்கிறீர்கள் என்பவைதான் முடிவு செய்கின்றன. மூன்று மாதம் போனது போகட்டும், இன்னும் ஆறு இருக்கிறது.

முதலில் வீடு. பிப்ரவரியில் பருவம் மாறும்போது உள்ளூர் மாணவர்கள் இருக்கும் வீடுகளில் அறைகள் காலியாகும். இப்போதிருக்கும் வீட்டுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, டிசம்பரிலேயே தேடத் தொடங்குங்கள். மாற முடிந்தால் மற்ற எல்லா உபாயமும் இதற்குப் பிறகுதான்.

அடுத்து, ஒரே ஆட்கள் வாராவாரம் கூடும் இடம் ஒன்று. பாடகர் குழு, கைப்பந்து, நாடகம், உணவு வங்கியில் தொண்டு, எதுவானாலும் சரி. மொழிப் பரிமாற்றக் கூடுகைகள் இதற்கு ஈடாகாது. அங்கே ஒவ்வொரு வாரமும் புதிய முகம், ஒவ்வொரு முறையும் "எந்த ஊர், என்ன படிக்கிறாய்" என்ற அதே பேச்சு. நாடகக் குழுவில் நான்காம் வாரம் "போன வாரம் நீ வரவில்லையே, என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். அப்போதுதான் உங்களுக்கு இறந்தகாலமும் காரணமும் சாக்கும் சொல்ல வேண்டிய தேவை வருகிறது.

பரிமாற்ற நண்பர்களை விட வேண்டாம். இத்தாலிக்காரர், பிரேசில்காரர் இருந்தால் அவர்களும் ஸ்பானிஷுக்காகத்தான் வந்திருப்பார்கள். உங்களுக்குள் ஸ்பானிஷில் பேசுவது என்று வையுங்கள். பிழைகள் பரவும்தான், ஆனாலும் தயக்கம் உடையும்.

கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறினால், அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஸ்பானிஷிலேயே தொடருங்கள். நீங்கள் மூன்றாவது முறை பேசும்போது பெரும்பாலோர் ஸ்பானிஷுக்குத் திரும்பிவிடுவார்கள். மாறுவதற்குக் காரணம் உங்கள் இலக்கணப் பிழை அல்ல, தொடங்குமுன் நீங்கள் எடுக்கும் அந்த இரண்டு நொடித் தயக்கம். எனவே முதல் வாக்கியத்தை மட்டும் கடைக்கு வெளியேயே தயார் செய்துகொண்டு போங்கள். மருத்துவர், முடிதிருத்தகம் இரண்டுக்கும் இணையத்தில் பதிய வசதி இருந்தாலும் தொலைபேசியில் பதியுங்கள். முகம் தெரியாத பேச்சு அளவுக்குக் கேள்திறனை வளர்ப்பது வேறில்லை.

ஒரு எச்சரிக்கை. சரளம் மளமளவென ஏறும், துல்லியம் ஏறாது. எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் தவறான வடிவமே நாக்கில் உறைந்துவிடும். வீட்டுத் தோழியிடம் "எல்லாவற்றையும் திருத்து" என்று கேட்டால் இரண்டு நாளில் சலித்துப்போவார். "இந்த வாரம் கடந்தகால வினையை மட்டும் திருத்து" என்று கேளுங்கள், செய்வார். வாரம் 200 சொல் அளவில் ஒரு செய்தித்தாள் பத்தியை இரு திசையிலும் மொழிபெயர்த்து வையுங்கள். இறுதியாண்டில் மொழிபெயர்ப்புத் தாள் காத்திருக்கிறது. பேச்சு மட்டும் வளர்ந்து வந்தவர்கள் அக்டோபரில் அந்தத் தாளில் கொச்சைச் சொற்களாக எழுதிச் சிவப்பு மை வாங்குகிறார்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக ஓராண்டு அனுப்பலாமா?
– ஒரு பாட்டி, ஹேய்ஸ்

அனுப்பலாம், பாட்டி. அவளுடைய முகவரி, வீட்டுக்காரரின் எண், சொந்தப் பல்கலைக்கழகத்தின் அவசர எண், அங்குள்ள ஒருங்கிணைப்பாளரின் எண் நான்கும் வீட்டில் எழுதி வைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர அழைப்பு 112. பிரித்தானிய ஜிஹிக் (GHIC) மருத்துவ அட்டை அரசு மருத்துவமனையில் தேவையான சிகிச்சைக்கு உதவும். ஆனால் ஊருக்குக் கொண்டுவரும் செலவு, திருட்டு ஆகியவற்றுக்கெல்லாம் தனிக் காப்பீடு வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் அதை இலவசமாகவே தருகின்றன, பதிவுதான் செய்ய வேண்டும். தினமும் இரண்டு முறை வீடியோ அழைப்பு மட்டும் வேண்டாம். சாயங்காலம் பேத்தி வெளியே இருக்க வேண்டிய நேரம் அது.

ஜூலையில் ஜெர்மனியிலிருந்து திரும்புகிறேன். வருமுன் முடிக்க வேண்டியவை என்னென்ன?
– மாணவர், கோவென்ட்ரி

ஏப்ரலிலேயே வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காலவரையற்ற ஒப்பந்தத்துக்கு 3 மாத முன்னறிவிப்பு வழக்கம். கையெழுத்திட்ட தாளாகக் கொடுக்க வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. அறையை ஒப்படைக்கும் நாளில் மின்மானி எண்களோடு ஒப்படைப்புக் குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், சுவர்களைப் படமெடுங்கள். டெபாசிட் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஜெர்மன் வங்கிக் கணக்கை உடனே மூட வேண்டாம்.

முகவரிப் பதிவை நீக்கி, நீக்கச் சான்றை வாங்குங்கள். அந்தச் சான்று இருந்தால்தான் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடியும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ அது. தொலைக்காட்சி இல்லையென்றாலும் கட்டியாக வேண்டும். பகிர்ந்த வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், போகுமுன் வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நினைவூட்டல் கடிதங்கள் கோவென்ட்ரிவரை வரும். மதிப்பெண் தாள் ஹவுஸ்ஆர்பைட் திருத்தி முடிந்த பிறகே வரும் என்பதால், எந்த ஆசிரியர் இன்னும் மதிப்பெண் போடவில்லை என்று புறப்படுமுன் நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். ஆகஸ்டில் மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போட மாட்டார்கள்.